ஒளியியல் காட்சிகாணியும் மின்னணுக் காட்சிகாணியும்

காட்சிகாணி என்பது, எடுக்கப்படவிருக்கும் படத்தின் எல்லையையும் உள்ளடக்கத்தையும் படம் எடுப்பவர் முன்கூட்டியே காண்பதற்கு ஒளிப்படக்கருவியில் அமைந்துள்ள உறுப்பாகும். வியூஃபைண்டர் என்ற ஆங்கிலப் பெயராலேயே இது பரவலாக அறியப்படுகிறது. வில்லைகள், ஆடிகள், பட்டகங்கள் ஆகியவற்றின் வழியாக வெளிக்காட்சியின் ஒளியையே நேராகக் கண்ணுக்குக் கொண்டுசேர்ப்பது ஒளியியல் காட்சிகாணி எனப்படும். ஒளியுணரியில் விழுந்த ஒளியை மின்குறிப்புகளாக மாற்றி, கண்வில்லைக்குப் பின்னால் உள்ள ஒரு சிறு திரையில் மீண்டும் படமாகக் காட்டுவது மின்னணுக் காட்சிகாணி எனப்படும்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒளியியல் காட்சிகாணிகளே பெரும்பான்மையாக இருந்தன. 2008க்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 2020இல், உலக அளவில் அனுப்பப்பட்ட ஆடியற்ற ஒளிப்படக்கருவிகளின் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆர் வகைக் கருவிகளின் எண்ணிக்கையை முந்தியது. இவ்விரு வகைகளுள் எது சிறந்தது என்னும் விவாதம் பெரும்பாலும் விருப்பு வெறுப்பாகவே முடிந்துவிடுகிறது. எனினும், இரண்டும் இயங்கும் முறையைப் புரிந்துகொண்டால், ஒவ்வொன்றும் எவ்வெச் சூழலில் தவறும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும்.

ஒளியியல் காட்சிகாணியின் வகைகள்

மிக எளிய ஒளியியல் காட்சிகாணி, படமெடுக்கும் வில்லையோடு தொடர்பில்லாத ஒரு தனிச் சாளரம் ஆகும். முன்புறம் ஒரு குழிவில்லையும் கண்ணருகே ஒரு குவிவில்லையும் கொண்ட இவ்வமைப்பு, கலிலியோவின் தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்தது போன்றது. மலிவான படச்சுருள் கருவிகள் பலவற்றில் இதுவே இருந்தது. படமெடுக்கும் வில்லையும் சாளரமும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், அருகிலுள்ள பொருளைப் படமெடுக்கும்போது இடமாறு தோற்றப் பிழை ஏற்படும். குடும்பப் படங்களில் தலைகள் வெட்டுப்பட்டுப் போனதற்கு எடுத்தவரின் கைநடுக்கம் மட்டுமல்லாது இப்பிழையும் காரணமாக இருந்தது எனலாம்.

இதே கொள்கையின் மிகத் தேர்ந்த வடிவம் தொலைமானிக் கருவிகளில் காணப்படுகிறது. 1954இல் வெளிவந்த லைக்கா எம்3, 0.91 மடங்கு உருப்பெருக்கம் கொண்ட பெரிய சாளரத்தையும், 50, 90, 135 மில்லிமீட்டர் வில்லைகளுக்குரிய ஒளிரும் எல்லைக்கோடுகளையும் கொண்டிருந்தது. குவியத்தை மாற்றும்போது இக்கோடுகள் தாமாகவே நகர்ந்து இடமாறு தோற்றப் பிழையைப் பெருமளவு ஈடுசெய்தன. எல்லைக்கோட்டுக்கு வெளியே இருப்பதையும் காண முடிவது இவ்வகையின் தனிச்சிறப்பு. சட்டகத்துக்குள் நுழையவிருக்கும் ஒருவரை, அவர் நுழையும் முன்பே படமெடுப்பவர் பார்த்துவிடுகிறார்.

இரட்டைவில்லைக் கருவிகளில் பார்ப்பதற்கு ஒரு வில்லையும் படமெடுப்பதற்கு மற்றொரு வில்லையும் இருந்தன. 1929இல் அறிமுகமான ரோலைஃபிளெக்ஸ் இவ்வகையில் புகழ்பெற்றது.

ஒற்றைவில்லை எதிரொளிப்புக் கருவியே இவை அனைத்தையும் பின்தள்ளியது. இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே எஸ்எல்ஆர் ஆகும். படமெடுக்கும் வில்லையின் பின்னால் 45 பாகை சாய்வில் ஓர் ஆடி நிற்கும். வில்லை வழி வரும் ஒளியை அது மேலே திருப்பி, தேய்த்த கண்ணாடியாலான குவியத் திரையில் விழச் செய்கிறது. ஆடியிலிருந்து இத்திரைக்கு உள்ள தொலைவும் படச்சுருளுக்கு உள்ள தொலைவும் சமமாக இருப்பதால், திரையில் தெளிவாகத் தெரிவது சுருளிலும் தெளிவாக விழும். இத்திரையில் உருவம் நிமிர்ந்து நின்றாலும் இடமும் வலமும் மாறியிருக்கும். அதனை நேர்செய்யவே கருவியின் உச்சியில் கூரை வடிவ ஐங்கோணப் பட்டகம் பொருத்தப்படுகிறது. எஸ்எல்ஆர் கருவிகளின் தலையில் காணப்படும் கூம்பு போன்ற மேடு இப்பட்டகத்தின் இருப்பிடமே ஆகும்.

1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான கினே எக்சாக்டாவில் பட்டகம் இல்லை. இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. 1949இல் அதே நகரிலிருந்து வந்த கான்டாக்ஸ் எஸ், பட்டகத்துடன் கூடிய முதற் கருவிகளுள் ஒன்று. தொடக்கக் காலக் கருவிகளில் படம் எடுத்தவுடன் ஆடி மேலேயே நின்றுவிடும். அடுத்த படத்துக்குச் சுருளை நகர்த்தும்வரை காட்சிகாணி இருண்டே கிடக்கும். 1954இல் ஜப்பானின் அசாகி நிறுவனம் வெளியிட்ட அசாகிஃபிளெக்ஸ் 2பி கருவியில் ஆடி உடனே கீழிறங்கும் அமைப்பு வந்தது. 1959இல் வந்த நிக்கான் எஃப், ஏறத்தாழ நூறு விழுக்காட்டுக் காட்சியையும் காட்டியதால் செய்தி ஒளிப்படக்காரர்களின் நம்பிக்கையைப் பெற்றது.

விலை குறைந்த கருவிகளில் கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாக ஐந்தாடி அமைப்பு பயன்படுத்தப்பட்டது. இது எடை குறைந்தது; ஆனால் ஒவ்வோர் எதிரொளிப்பிலும் சிறிது ஒளி இழக்கப்படுவதால் காட்சி மங்கலாகத் தெரியும்.

மின்னணுக் காட்சிகாணியின் வளர்ச்சி

மின்னணுக் காட்சிகாணி முதலில் நிகழ்படக் கருவிகளில்தான் பரவியது. 1980களின் நிகழ்படக் கருவிகளில், சிறிய எதிர்மின் கதிர்க்குழாய் ஒன்று கருப்பு வெள்ளையில் காட்சியைக் காட்டியது. பின்னர் வண்ண நீர்மப் படிகத் திரைகள் வந்தன. எண்ணிம ஒளிப்படக்கருவிகளில் இவை முதலில் பிரிக்க முடியாத பெரிய உருப்பெருக்க வில்லை கொண்ட இடைநிலைக் கருவிகளில் இடம்பெற்றன. அவற்றின் தரம் வருந்தத்தக்கதாக இருந்தது. காட்சி மணல்மணலாகத் தெரிந்தது. கருவியைத் திருப்பினால் இழுபட்டது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. மின்னணுக் காட்சிகாணி என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் இக்காலத்தில் தோன்றியதே. 2004இல் வந்த மினோல்டா டிமாஜ் ஏ2, ஏறத்தாழ 9,22,000 புள்ளிகள் கொண்ட திரையால் அக்காலத்தில் தனித்து நின்றது.

2008இல் பானாசோனிக் நிறுவனம் லுமிக்ஸ் ஜி1 என்னும் கருவியை வெளியிட்டது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறைமையின் முதற் கருவியான இதில் ஆடியும் இல்லை, பட்டகமும் இல்லை. ஆயினும் வில்லையை மாற்றிக்கொள்ளலாம். இதன் காட்சிகாணி 14.4 லட்சம் புள்ளிகளுக்கு ஈடானது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாகக் காட்டி முழுவண்ணத் தோற்றத்தை அது உண்டாக்கியது. கண்ணை வேகமாக அசைத்தால் பொருட்களின் ஓரத்தில் வானவில் போன்ற வண்ணச் சிதறல் தெரிந்தது இம்முறையின் குறைபாடு.

2011இல் சோனியின் ஆல்ஃபா 77, நெக்ஸ்-7 ஆகிய கருவிகளில் 23.6 லட்சம் புள்ளிகள் கொண்ட ஓஎல்இடி திரை வந்தது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கருமை உண்மையிலேயே கருமையாகத் தெரிகிறது. அதன்பின் புள்ளிகள் 36.9 லட்சம், 57.6 லட்சம் எனப் பெருகி, 2020இல் சோனி ஆல்ஃபா 7எஸ் மூன்றாம் பதிப்பில் 94.4 லட்சத்தை எட்டின.

இவ்வெண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. உற்பத்தியாளர்கள் கூறுவது புள்ளிகளின் எண்ணிக்கை. பிக்சல் எனப்படும் படவணுக்களின் எண்ணிக்கை அன்று. ஒரு படவணுவுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. ஆகவே 36.9 லட்சம் புள்ளிகள் என்பது 1280 × 960 படவணுக்களே. 94.4 லட்சம் என்பது 2048 × 1536 படவணுக்கள் ஆகும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண்ணை மூன்றால் வகுத்துப் பார்ப்பது நல்லது.

காலத் தாமதமும் இருட்டடிப்பும்

இரு வகைகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு காலத்தைச் சார்ந்தது. ஒளியியல் காட்சிகாணியில் தெரிவது அக்கணத்தின் காட்சி. அதில் தாமதம் என்பதே இல்லை. மின்னணுக் காட்சிகாணியில் உணரி ஒளியைச் சேர்க்க வேண்டும், அதைப் படிக்க வேண்டும், செயலி அதனைப் படமாக்க வேண்டும், திரை அதனைக் காட்ட வேண்டும். எவ்வளவு விரைவாக நடந்தாலும் தெரிவது சற்று முன் நடந்ததே.

நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு சட்டகத்தின் காலம் ஏறத்தாழ 17 மில்லிநொடி. மொத்தத் தாமதம் மூன்று சட்டகங்கள் என்று கொண்டால் 50 மில்லிநொடி ஆகிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் விரைவோட்ட வீரர் அந்நேரத்தில் அரை மீட்டர் நகர்ந்துவிடுவார். உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் படமெடுக்கும்போது இத்தாமதம் பொருட்டே அல்ல; மட்டையில் பந்து படும் கணத்தைப் பிடிக்க முயலும்போது அதுவே படத்தைத் தீர்மானித்துவிடும்.

ஆயினும் எஸ்எல்ஆர் காட்சிகாணியும் முழு உண்மையைக் காட்டுவதில்லை. பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலெழுந்து காட்சிகாணிக்குச் செல்லும் ஒளியை அடைத்துவிடுகிறது. ஒளி உணரியில் விழுவது அந்த இருட்டின்போதுதான். அதாவது, படமாகப் பதிவாகும் அந்த ஒரு கணத்தை மட்டும் எஸ்எல்ஆர் பயன்படுத்துபவர் ஒருபோதும் கண்ணால் காண்பதில்லை. மின்வெட்டு விளக்கைப் பயன்படுத்துவோர் இதை எளிதில் உணரலாம்: எஸ்எல்ஆர் வழியே பார்த்தால் தன் கருவியின் மின்வெட்டு தெரியாது, தொலைமானிக் கருவியில் தெரியும். எடுத்த படத்தில் ஒருவர் கண்ணை மூடிவிட்டாரா என்பதைத் தொலைமானிக் கருவியாளர் அப்போதே அறிவார்.

இந்த இருட்டடிப்பைத் தவிர்க்கும் முயற்சி பழமையானது. 1965இல் வந்த கேனன் பெல்லிக்ஸ் கருவியில் ஆடி அசையவே இல்லை. அது பாதி ஊடுருவக்கூடிய மெல்லிய படலமாக இருந்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியைக் காட்சிகாணிக்கும் எஞ்சியதைச் சுருளுக்கும் அனுப்பியது. இருட்டடிப்பு நீங்கியது; ஆனால் காட்சியும் மங்கியது, சுருளுக்குச் செல்லும் ஒளியும் குறைந்தது. 2010இல் சோனி ஆல்ஃபா 33, ஆல்ஃபா 55 கருவிகளில் இதே உத்தியை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தியது. அங்கு ஆடி பிரித்த ஒளி தானியங்கிக் குவிய உணரிக்குச் சென்றது. காட்சிகாணி மின்னணு வகையாக அமைந்தது.

தொடக்கக் கால மின்னணுக் காட்சிகாணிகளிலும் இருட்டடிப்பு இருந்தது. உணரி படத்தைப் பதிவுசெய்து படித்து முடிக்கும்வரை திரைக்குக் காட்ட ஒன்றும் இராது. தொடர்படம் எடுக்கும்போது சில கருவிகள் எடுத்து முடித்த படங்களையே வரிசையாகக் காட்டின. ஓடும் விலங்கைப் பின்தொடர்பவர் அதன் பழைய இருப்பிடத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார். 2017இல் வந்த சோனி ஆல்ஃபா 9, நினைவகம் அடுக்கப்பட்ட உணரியின் மூலம் நொடிக்கு 20 படங்களை இருட்டடிப்பே இல்லாமல் எடுத்துக் காட்டியது. 2021இல் வந்த நிக்கான் இசட்9 கருவியில் இயந்திர மூடுதிரையே கைவிடப்பட்டது.

தாமதத்துக்கு மின்னணு முறையிலேயே ஒரு மாற்றும் கண்டறியப்பட்டது. பொத்தானைப் பாதி அழுத்திய நிலையில் கருவி படங்களைத் தற்காலிக நினைவகத்தில் எடுத்துக்கொண்டே இருக்கும். முழுதும் அழுத்தும்போது, அதற்கு முன் எடுக்கப்பட்ட சிலவற்றையும் சேர்த்துச் சேமிக்கும். 2016இல் ஒலிம்பஸ் ஓஎம்-டி இ-எம்1 இரண்டாம் பதிப்பில் இவ்வசதி இடம்பெற்றது. கிளையிலிருந்து பறவை பறந்தெழுந்ததைப் பார்த்த பிறகு பொத்தானை அழுத்தினாலும் பறவை எழும் கணம் கிடைத்துவிடுகிறது. இது படமெடுப்பவரின் திறனா கருவியின் திறனா என்று கேட்போரும் உண்டு.

எது உண்மையான காட்சி

ஒளியியல் காட்சிகாணி கண் காண்பதைக் காட்டுகிறது. மின்னணுக் காட்சிகாணி உணரி காண்பதைக் காட்டுகிறது. நடைமுறைப் பயன் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

மனிதக் கண் வெயிலையும் நிழலையும் ஒருங்கே பார்த்துப் புரிந்துகொள்ளும். உணரியால் அவ்வளவு வேறுபாட்டை ஒரே படத்தில் அடக்க இயலாது. ஒளியியல் காட்சிகாணியில் அழகாகத் தெரிந்த மேகம் படத்தில் வெறும் வெள்ளையாக வந்து நிற்பது இதனால்தான். மின்னணுக் காட்சிகாணியில் அவ்வெள்ளை எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். வெண்சமநிலை, கருப்பு வெள்ளைத் தோற்றம், ஒளியளவுப் பரவலைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றையும் கண்ணை எடுக்காமலே காணலாம். கற்றுக்கொள்ளும் மாணவருக்கு இது பெரும் உதவி. துளையையும் வேகத்தையும் மாற்றும்போது விளைவு உடனுக்குடன் தெரிகிறது.

ஆனால் அரங்கங்களில் மின்வெட்டு விளக்குகளைக் கொண்டு படமெடுக்கும்போது இதே வசதி தொல்லையாகிறது. விளக்கு எரியும் முன் அறையில் இருக்கும் ஒளிக்கு அந்த அமைப்பு போதாது என்பதால் திரை கிட்டத்தட்ட கருப்பாகத் தெரியும். ஒளியளவுப் பாவனையை அணைத்துவிட்டே பணிபுரிய வேண்டும். புதிதாக ஆடியற்ற கருவிக்கு மாறியவர்கள் கருவி பழுதாகிவிட்டதென்று எண்ணுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

ஒளியியல் காட்சிகாணி குவிய ஆழத்தையும் சரியாகக் காட்டுவதில்லை என்பது பலர் அறியாதது. தற்காலக் குவியத் திரைகள் காட்சி பளிச்சென்று தெரிவதற்காக நுண்ணிய பரப்பமைப்புடன் செய்யப்படுகின்றன. இவை ஏறத்தாழ எஃப்/2.8 அளவைவிட அகன்ற துளையின் விளைவைக் காட்டுவதில்லை. எஃப்/1.4 வில்லையைப் பொருத்திப் பார்ப்பவருக்குப் பின்னணி எடுக்கப்படும் படத்தில் உள்ளதைவிடத் தெளிவாகவே தெரியும். அத்துடன் அத்தகைய வில்லையைக் கையால் குவியப்படுத்துவதும் நம்பகமற்றதாகிறது. மின்னணுக் காட்சிகாணியில் ஒரு பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். தெளிவான விளிம்புகளுக்கு வண்ணமிட்டுக் காட்டவும் செய்யலாம். பழைய கைக்குவிய வில்லைகள் மீண்டும் விலைபோகத் தொடங்கியதற்கு இது ஒரு காரணம்.

தானியங்கிக் குவியத்திலும் வேறுபாடு உண்டு. டிஎஸ்எல்ஆர் கருவியில் குவியத்தை அளப்பது அடியில் உள்ள தனி உணரி. படம் பிடிப்பது மற்றோர் உணரி. இரண்டுக்கும் உள்ள தொலைவில் மிகச் சிறிய வேறுபாடு ஏற்பட்டாலும் குவியம் முன்னோ பின்னோ விழும். ஆடியற்ற கருவியில் படம் பிடிக்கும் உணரியே குவியத்தையும் அளப்பதால் இப்பிழைக்கு இடமில்லை.

இருளில் நிலைமை கலவையானது. மின்னணுக் காட்சிகாணி மங்கிய ஒளியைப் பெருக்கிக் கண்ணுக்குத் தெரியாததையும் காட்டும். பெருக்கத்தோடு இரைச்சல் எனப்படும் புள்ளிச் சிதறலும் கூடும், புதுப்பிப்பு வேகமும் குறையலாம். இரவு வானைப் படமெடுப்போர்க்கு மற்றொரு சிக்கல்: ஒளிரும் திரையைப் பார்த்த கண் இருளுக்குப் பழகிய தன்மையை இழந்துவிடுகிறது.

கண்ணின் பாதுகாப்பு

எஸ்எல்ஆர் கருவியின் ஒளியியல் காட்சிகாணி வழியாகச் சூரியனைப் பார்ப்பது ஆபத்தானது. வில்லை திரட்டிய ஒளி அப்படியே கண்ணை அடைவதால் விழித்திரை நிலையாகப் பாதிக்கப்படலாம். நீண்ட குவியத்தூர வில்லையில் இவ்வாபத்து மிகுதி. கிரகணங்களின்போது வில்லையின் முன்புறத்தில் உரிய சூரிய வடிகட்டியைப் பொருத்தாமல் இத்தகைய கருவியால் பார்க்கவே கூடாது. விழித்திரையில் வலியுணர்வு இல்லாததால், சேதம் நேர்வது அந்நேரத்தில் தெரியாது.

மின்னணுக் காட்சிகாணியில் கண்ணை அடைவது திரையின் ஒளி மட்டுமே. ஆகவே இந்த ஆபத்து இல்லை. எனினும் வடிகட்டி இல்லாமல் சூரியனை நோக்கினால் கருவியின் உணரியும் மூடுதிரையும் சேதமடையலாம். இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் இடர் உண்டு: கண்வில்லை வெயிலை நோக்கும்படி கருவியை வைத்தால், அவ்வில்லையே உருப்பெருக்கியாகி உள்ளே இருக்கும் சிறு திரையைச் சுட்டுவிடக்கூடும்.

அளவும் உருப்பெருக்கமும்

காட்சிகாணிகளை ஒப்பிடப் பரப்பு விழுக்காடு, உருப்பெருக்கம், கண்தொலைவு ஆகிய மூன்றும் பயன்படுகின்றன. 95 விழுக்காட்டுப் பரப்பு என்பது நீளத்திலும் அகலத்திலும் தனித்தனியே 95 விழுக்காடு ஆகும். பரப்பளவில் அது 90 விழுக்காட்டையே தருகிறது. மீதமுள்ள பத்தில் ஒரு பங்கு படத்தில் பதிவாகும், ஆனால் எடுக்கும்போது தெரியாது. மின்னணுக் காட்சிகாணிகள் இயல்பாகவே நூறு விழுக்காட்டையும் காட்டுகின்றன.

உருப்பெருக்கம் 50 மில்லிமீட்டர் வில்லையைக் கொண்டு அளக்கப்படுவதால், வெவ்வேறு உணரி அளவுள்ள கருவிகளை நேராக ஒப்பிடலாகாது. நிக்கான் டி7200 கருவியின் 0.94 மடங்கு, அதன் சிறிய உணரிக்காக 1.5ஆல் வகுக்கப்படும்போது 0.63 ஆகிறது. முழுச்சட்டக டி850 கருவியின் 0.75 மடங்கைவிட இது சிறியது. சிறிய உணரி கொண்ட எஸ்எல்ஆர் கருவிகளில் காட்சி சுரங்கத்தின் முனையில் இருப்பதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். மின்னணுத் திரையின் அளவோ உணரியின் அளவைச் சார்ந்ததன்று. மூக்குக்கண்ணாடி அணிவோர் உருப்பெருக்கத்தைவிடக் கண்தொலைவையே முதலில் கவனிக்க வேண்டும்.

மின்கலம், எடை

ஒளியியல் காட்சிகாணிக்கு மின்சாரம் தேவையில்லை. கருவியை அணைத்துவிட்டும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். மின்னணுக் காட்சிகாணியில் உணரி, செயலி, திரை மூன்றும் இடைவிடாது இயங்க வேண்டும். இதற்கு ஒரே நிறுவனத்தின் இரு கருவிகள் நல்ல எடுத்துக்காட்டு. 2017இல் வந்த நிக்கான் டி850 டிஎஸ்எல்ஆர் வகை. 2018இல் வந்த நிக்கான் இசட்7 ஆடியற்ற வகை. இரண்டும் 4.57 கோடி படவணுக்கள் கொண்டவை. ஒரே கொள்ளளவுள்ள மின்கலத்தைப் பயன்படுத்துபவை. சீப்பா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஜப்பானியத் தொழில்துறைச் சங்கத்தின் அளவீட்டு முறைப்படி, ஒருமுறை மின்னேற்றினால் டி850 ஏறத்தாழ 1840 படங்களும் இசட்7 ஏறத்தாழ 330 படங்களும் எடுக்கும். நடைமுறையில், குறிப்பாகத் தொடர்படங்களில், இரண்டாவது எண் கணிசமாகக் கூடும் என்றாலும் வேறுபாடு பெரிதே.

எடையில் நிலைமை எதிர்மாறானது. மின்கலமும் நினைவட்டையும் சேர்த்து டி850 1005 கிராம், இசட்7 675 கிராம். ஆடி எழுவதற்கு இடம் விட வேண்டியிருந்ததால் நிக்கானின் எஃப் பொருத்தியில் வில்லைக்கும் உணரிக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் தேவைப்பட்டது. இசட் பொருத்தியில் 16 மில்லிமீட்டர் போதும். குறிப்பாக அகல்கோண வில்லைகளை வடிவமைப்போர்க்கு இக்குறைந்த தொலைவு கூடுதல் உரிமையைத் தருகிறது.

இரண்டையும் இணைத்த கருவிகள்

2010இல் அறிவிக்கப்பட்டு 2011இல் விற்பனைக்கு வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100, ஒரே கண்வில்லையில் இரண்டையும் வழங்கியது. ஒளியியல் சாளரத்தின் மீது சிறு திரையின் எல்லைக்கோடுகளும் எண்களும் பட்டகம் வழியாகப் படிந்து தெரியும்; நெம்புகோல் ஒன்றை இழுத்தால் சாளரம் மூடப்பட்டு அதே இடத்தில் முழு மின்னணுக் காட்சி தோன்றும். 2012இல் வந்த எக்ஸ்-புரோ1 கருவியும் இம்முறையைப் பின்பற்றியது.

திரைப்படத் துறையிலும் இதே விவாதம் நடந்துள்ளது. 1937இல் வந்த அரிஃபிளெக்ஸ் 35 கருவியில் சுழலும் ஆடியே மூடுதிரையாகச் செயல்பட்டு, ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையே ஒளியைக் காட்சிகாணிக்கு அனுப்பியது. எண்ணிமக் காலத்திலும் அரி நிறுவனம், மின்னணுக் காட்சிகாணி கொண்ட அலெக்சா வரிசையினூடே, ஒளியியல் காட்சிகாணியை விரும்பிய ஒளிப்பதிவாளர்களுக்காகச் சுழலாடியுடன் அலெக்சா ஸ்டுடியோ என்னும் கருவியைத் தயாரித்தது.

தற்போதைய நிலை

கேனன், நிக்கான் நிறுவனங்களின் உயர்தர டிஎஸ்எல்ஆர் கருவிகளான இஓஎஸ்-1டி எக்ஸ் மூன்றாம் பதிப்பும் டி6 கருவியும் 2020இல் வெளிவந்தன. அதன்பின் இவ்விரு நிறுவனங்களின் உயர்தரக் கருவிகள் ஆடியற்றவையாகவே அமைந்தன. அசாகியின் வழிவந்த பென்டாக்ஸ், பட்டகத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து தன் பெயரைப் பெற்றது. அது 2021இல் 1.05 மடங்கு உருப்பெருக்கம் கொண்ட கண்ணாடிப் பட்டகத்துடன் கே-3 மூன்றாம் பதிப்பையும், 2023இல் அதன் கருப்பு வெள்ளை வடிவத்தையும் வெளியிட்டது. ஏழு பத்தாண்டுகளாகத் தொலைமானிச் சாளரத்தையே அடையாளமாகக் கொண்டிருந்த லைக்காவின் எம் வரிசையில், 2025இல் எம் ஈவி1 என்னும் கருவி அச்சாளரத்தை நீக்கி, 57.6 லட்சம் புள்ளிகள் கொண்ட மின்னணுக் காட்சிகாணியுடன் வந்தது.